நடுநிலைப் பள்ளியில் கணக்கு

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நம்மவர் வீடுகளில், மாலை விளக்கு ஏற்றிய பின் நாள்தோறும் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் குழந்தை கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். வகுப்பில் ஆசிரியர் விளக்கியது இந்தியிலோ, வங்காளியிலோ, மராத்தியிலோ இருந்திருக்கும். குழந்தைக்கு ஐயம் எழுவதோ தமிழில். "கணக்குக்கு மொழி ஏது? இரண்டும் இரண்டும் எங்கும் நான்குதானே?" என்று பெற்றோர் தேற்றிக்கொள்கிறோம். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது முழு உண்மையன்று என்பதை என் மகளின் விடைத்தாள் ஒன்று எனக்குக் கற்பித்தது.

2024-ஆம் ஆண்டில் அலுவல் மாற்றத்தால் சென்னையிலிருந்து தில்லிக்குக் குடிபெயர்ந்தோம். மகள் இங்கே ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். சில வாரங்களுக்குள் மனக்கணக்குத் தேர்வு ஒன்று நடந்தது. ஆசிரியை எண்களை இந்தியில் சொல்ல, பிள்ளைகள் விடையை மட்டும் எழுத வேண்டும். பத்துக்கு மூன்று மதிப்பெண்ணும், 'கவனக் குறைவு' என்ற குறிப்பும் பெற்று அவள் வீட்டுக்கு வந்தாள். "எனக்குக் கணக்கு வராது, அப்பா" என்றாள். கலைப் பிரிவில் பட்டம் பெற்றுக் கோப்புகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். பத்தாம் வகுப்போடு கணக்கைக் கைகழுவியவன். "எனக்கும் வராதுதான், கண்ணு" என்று சொல்லிவிட்டேன். ஒரு தந்தை சொல்லக்கூடாத சொற்கள் அவை. நம் இயலாமையைக் குழந்தைக்குச் சீதனமாகக் கொடுப்பதற்கு ஒப்பானவை.

இரண்டு நாள் கழித்து, அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். தவறான விடை ஏழும், சரியான விடையைவிடச் சரியாகப் பத்து கூடுதலாக இருந்தன. 43 வரவேண்டிய இடத்தில் 53; 38 வரவேண்டிய இடத்தில் 48; 81 வரவேண்டிய இடத்தில் 91. கவனம் இல்லாதவர் செய்யும் பிழைக்கு இத்தகைய ஒழுங்கு இராது. அவளையே கேட்டேன். இந்தியில் அறுபதுக்குச் 'சாட்' என்று பெயர். ஆசிரியை 'உன்சட்' என்று சொன்னதும், அறுபதோடு ஏதோ ஒன்பது சேர்ந்திருக்கிறது என்று கொண்டு 69 எனக் கணக்கிட்டிருக்கிறாள். ஆனால் அச்சொல்லின் பொருள் 'அறுபதுக்கு ஒன்று குறைவு', அதாவது 59. 'உன்தீஸ்' என்பது 29. அவள் அதை 39 ஆக்கினாள். 'உன்சாஸ்' என்பது 49. அதை 59 ஆக்கினாள். கூட்டலிலும் கழித்தலிலும் அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. முப்பத்தொன்பது, நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது என்று பத்தை முன்வைத்து ஒன்பதைக் கூட்டிச் சொல்லும் தமிழின் வழக்கத்தை இந்திக்கும் பொருத்தி விட்டாள், அவ்வளவே. தமிழிலும் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவை பிற எண்களின் ஒழுங்கோடு பொருந்தாமல் நிற்பதை அவளுக்குக் காட்டினேன். எல்லா மொழியிலும் எண்ணின் பெயர்களில் இத்தகைய மேடுபள்ளங்கள் உண்டு என்று அறிந்ததும் அவள் முகம் தெளிந்தது.

இந்நிகழ்ச்சியை இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிழைக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடுவதே கணக்கைக் கற்பிப்பதன் பாதி. மற்றப் பாதி, விதிக்கும் ஒரு காரணம் உண்டு என்பதைக் காட்டுவது. நடுநிலைப் பள்ளியில் இவ்விரண்டும் மிகவும் தேவைப்படுகின்றன.

நடுநிலைப் பள்ளி என்பது ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகள். பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பருவம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பள்ளிப் படிப்பை ஐந்து, மூன்று, மூன்று, நான்கு ஆண்டுகள் எனப் பகுத்தபோது, இம்மூன்று வகுப்புகளையும் ஒரு தனிப் படியாக அமைத்தது. தொடக்கப் பள்ளியில் எண்கள் பெரும்பாலும் பொருள்களோடு ஒட்டி நிற்கும். ஐந்து மாம்பழம், எட்டு பென்சில், பத்து ரூபாய் என்று கண்டு எண்ணலாம். நடுநிலைப் பள்ளியிலோ மூன்று புதிய வாயில்கள் திறக்கின்றன. முழு எண்ணைப் போலவே கூட்டிப் பெருக்கி வகுக்க வேண்டிய பின்னம் ஒன்று. சுழியத்துக்குக் கீழே நிற்கும் குறை எண் மற்றொன்று. எண்ணின் இடத்தில் எழுத்தை வைக்கும் இயற்கணிதம் மூன்றாவது. இம்மூன்றையும் காரணம் அறிந்து கடப்பவன் உயர்நிலைப் பள்ளிக் கணக்கை அஞ்சமாட்டான். விதியை மட்டும் உருப்போட்டுக் கடப்பவன், விதிகள் பெருகப் பெருக ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொண்டு, "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவுக்கு வந்து சேர்கிறான்.

2005-ஆம் ஆண்டில் தேசியக் கலைத்திட்டம் வகுக்கப்பட்டபோது, கணிதம் கற்பிப்பது பற்றி ஆராய ஒரு குழு அமைந்தது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். இராமானுஜம் அதற்குத் தலைமை தாங்கினார். சூத்திரங்களை நிரப்புவதைவிடக் குழந்தையைக் கணித முறையில் சிந்திக்கப் பழக்குவதே முதன்மையான நோக்கம் என்றும், கணக்கைப் பற்றிய அச்சமும் தோல்வியுணர்ச்சியும் நீங்கவேண்டும் என்றும் அக்குழு வற்புறுத்தியது. அந்த எண்ணத்தின் சாயலை இப்போதைய பாடநூல்களிலும் காணலாம். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2024-இல் ஆறாம் வகுப்புக்கும், 2025-இல் ஏழாம் வகுப்புக்கும் 'கணித பிரகாஷ்' என்னும் புதிய நூல்களை வெளியிட்டது.

அந்த ஆறாம் வகுப்பு நூலில் வரும் ஒரு விளையாட்டைப் பார்ப்போம். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 என்றே வைத்துக்கொள்வோம். அதன் இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதினால் 4220. ஏறு வரிசையில் எழுதினால் 0224. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 3996. இந்த விடையையும் அவ்வாறே மாற்றிக் கழித்தால் 6264, பிறகு 4176, பிறகு 6174. அதற்கு மேல் எத்தனை முறை செய்தாலும் 6174 மாறுவதில்லை. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இங்கேதான் வந்து சேருவோம். நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த கப்ரேகர் 1949-இல் இதைக் கண்டறிந்தார். ஒரு பக்கம் நிறையக் கழித்தல் கணக்குகளைக் கொடுத்தால் பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். இந்த விளையாட்டில் அதே கழித்தலை இருபது முறை செய்துவிட்டு, "ஏன் இப்படி வருகிறது?" என்று தாமே கேட்பார்கள். பயிற்சியும் வியப்பும் ஒருங்கே அமைவது நல்ல பாடத்தின் இலக்கணம்.

இனிப் பின்னத்துக்கு வருவோம். பிள்ளைகள் தடுக்கி விழும் முதற் படி இதுதான். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலுள்ளவற்றைத் தனியாகவும் கீழுள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுவோர் பலர். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு விதியைச் சொல்வது எளிது. "ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவாயிற்றே, அரையோடு ஒன்றைச் சேர்த்தபின் அது குறையுமா?" என்று கேட்பதே கற்பித்தல். தம் விடையைத் தாமே சந்தேகிக்கக் கற்ற குழந்தைக்கு ஆசிரியர் எப்போதும் அருகில் இருக்கவேண்டியதில்லை.

இங்கே நம் மொழி செய்யும் உதவியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பின்னத்தின் கீழுள்ள எண்ணைத் தமிழில் 'பகுதி' என்கிறோம். மேலுள்ளதைத் 'தொகுதி' என்கிறோம். ஒரு பொருளை எத்தனையாகப் பகுத்தோம் என்பதைப் பகுதி சொல்லும். பகுத்தவற்றுள் எத்தனையைத் தொகுத்தோம் என்பதைத் தொகுதி சொல்லும். இருபது ஆண்டுகளாகச் சொற்களோடு பழகி வரும் எனக்கு, இவ்விரு சொற்களின் அருமை மகளுக்குப் பாடம் சொல்லும்போதுதான் விளங்கியது. ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாம் 'ஐந்தில் இரண்டு' என்று பகுதியை முதலிற் சொல்கிறோம். இந்தியில் 'தோ பட்டா பாஞ்ச்' என்று தொகுதியை முதலிற் சொல்வார்கள்; ஆங்கிலத்திலும் அப்படியே. வீட்டில் ஒரு முறையும் பள்ளியில் ஒரு முறையும் கேட்கும் குழந்தை 2/5 என்பதை 5/2 என்று தலைகீழாக எழுதினால், அதை அறியாமை என்று எண்ணிவிடலாகாது.

நம் முன்னோர் வழங்கிய பின்னப் பெயர்களும் கணக்குப் பாடமே. காலில் பாதி அரைக்கால். அரையைக் காலால் பெருக்கினால் எட்டில் ஒன்று என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் மாகாணி, அதாவது 1/16. சரிபார்ப்போம்: 1/20 என்பது 4/80. அதோடு 1/80 சேர்ந்தால் 5/80, சுருக்கினால் 1/16. வெவ்வேறு பகுதிகளையுடைய பின்னங்களைக் கூட்டும் முறை முழுவதும் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் இவை கடைத்தெருவில் புழங்கின. 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தது. அதன்பின் மெட்ரிக் அளவைகளும் பரவின. கணக்கு எளிதாயிற்று, ஆனால் பின்னங்கள் அன்றாட நாவிலிருந்து மெல்ல மறைந்தன. வடக்கே இன்றும் காய்கறிக் கடையில் 'டாயி கிலோ' என்றால் இரண்டரை. 'பௌனே தோ' என்றால் இரண்டுக்குக் கால் குறைவு, அதாவது ஒன்றேமுக்கால். கடைக்குப் போகும்போது குழந்தையை உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே கூட்டலும் கழித்தலும் காற்றில் மிதக்கின்றன.

ஏழாம் வகுப்புக்கு வந்தபின் என் மகள் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் பாடத்துக்கு வந்தாள். "இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்று நான் படித்ததை அப்படியே ஒப்புவித்தேன். "ஏன் தலைகீழாக்க வேண்டும்?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் அடுக்களையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசி அளக்கும் ஆழாக்கை எடுத்துவந்து, "முக்கால் படியில் எத்தனை ஆழாக்கு இருக்கும், சொல்லு பார்ப்போம்" என்றார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. மகள் அரிசியை அளந்து பார்த்து, "ஆறு, பாட்டி!" என்றாள். அவள் செய்தது 3/4-ஐ 1/8-ஆல் வகுத்தது. ஒரு படியில் எட்டு ஆழாக்கு இருப்பதால், முக்கால் படியில் எட்டின் முக்கால் பங்கு இருக்கும். ஆகவே எட்டில் ஒன்றால் வகுப்பதும் எட்டால் பெருக்குவதும் ஒன்றே. 4/5 போன்ற பின்னத்துக்கும் இதே காரணம்தான். ஒன்றில் ஐந்திலொரு பங்குகள் ஐந்து உள்ளன. அவற்றை நான்கு நான்காகச் சேர்த்தால், ஒரு நான்கும் அடுத்த நான்கில் ஒரு கால் பாகமும் கிடைக்கும்; அதாவது 5/4. ஆகவே 4/5-ஆல் வகுப்பதற்குப் பதில் 5/4-ஆல் பெருக்குகிறோம். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் சொல்லிவைத்த விதி இது. எழுத்தறிவு குறைந்த என் தாயார் அவர் பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் விதியின் காரணம் அவர்கள் கையில் இருந்தது.

இரண்டாவது வாயில் குறை எண். அதே பிரம்மகுப்தர் மிகை எண்ணைத் 'தனம்' என்றும் குறை எண்ணை 'ருணம்', அதாவது கடன் என்றும் கூறி விதிகள் வகுத்தார். ஐந்திலிருந்து குறை மூன்றைக் கழித்தால் எட்டு வரும் என்பது குழந்தைக்கு மாயமாகத் தோன்றும். கையில் எட்டு ரூபாய் வைத்திருப்பவன் மூன்று ரூபாய் கடன்பட்டிருந்தால், அவன் உடைமை ஐந்து. கடன் கொடுத்தவர் அதைத் தள்ளிவிட்டால் உடைமை எட்டாகிறது. கடனைக் கழித்தல் செல்வத்தைக் கூட்டுவதாகும். ஆறாம் வகுப்பு நூலோ தரைக்குக் கீழும் தளங்கள் உள்ள ஒரு கட்டிடத்தையும் அதன் மின்தூக்கியையும் காட்டி இதை விளக்குகிறது.

ஆனால் எந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. கடனைக் கடனால் பெருக்குவது என்பதற்குப் பொருளில்லை. இவ்விடத்தில் நல்லாசிரியர் உவமையை விட்டுவிட்டு ஒழுங்கைப் பிடித்துக்கொள்வார். மூன்றைக் குறை இரண்டால் பெருக்கினால் குறை ஆறு. இரண்டைப் பெருக்கினால் குறை நான்கு. ஒன்றைப் பெருக்கினால் குறை இரண்டு. சுழியத்தைப் பெருக்கினால் சுழியம். ஒவ்வொரு படியிலும் விடை இரண்டு இரண்டாக ஏறிக்கொண்டே வருகிறது. அடுத்த படியில் குறை ஒன்றைக் குறை இரண்டால் பெருக்கும்போது, ஒழுங்கு கெடாதிருக்க வேண்டுமானால், விடை மிகை இரண்டாகத்தான் இருக்க முடியும். "அப்படித்தான்; மனப்பாடம் செய்" என்பதற்கும் இதற்கும் ஐந்து நிமிட வேறுபாடே உண்டு.

மூன்றாவது வாயில் எழுத்து. "எக்ஸ் என்றால் என்ன?" என்று குழந்தை கேட்கும். தீக்குச்சிகளைக் கொடுங்கள். ஒரு சதுரத்துக்கு நான்கு குச்சி. அதை ஒட்டி இன்னொன்று அமைக்க மேலும் மூன்று. மூன்றாவதற்கு மேலும் மூன்று. 4, 7, 10 என்று வளரும். பத்துச் சதுரங்களுக்கு எத்தனை? அடுக்கிப் பார்த்தே சொல்லலாம்: 31. நூறு சதுரங்களுக்கு? குச்சி போதாது. இங்கேதான் மனம் பொருளை விட்டு எழும்புகிறது. முதலில் ஒரு குச்சியை நிறுத்திக்கொண்டால் ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று குச்சி போதும். ஆகவே நூற்றுக்கு 301. எத்தனை சதுரமானாலும் அந்த எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டுக. 'எத்தனையானாலும்' என்ற அந்தச் சொல்லுக்குப் பதிலாக நிற்பதே எழுத்து. வேறொரு குழந்தை, முதற் சதுரத்துக்கு நான்கு, மற்றவற்றுக்கு மூன்று மூன்று என்று எண்ணக்கூடும். இரு வழியும் ஒரே விடையைத் தருவது ஏன் என்று வகுப்பில் வாதிட விட்டால், இயற்கணிதம் பிறந்துவிடும்.

இவ்வளவையும் நாற்பது ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், நாற்பது நிமிடத்தில், பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் ஆசிரியர் செய்வது எளிதன்று. அவரைக் குறை கூறுவது என் நோக்கமும் அன்று. வகுப்பில் விடுபட்ட 'ஏன்' வீட்டில் கேட்கப்படலாம் என்பதே நான் சொல்ல விழைவது. கூடியவரை ஐந்தாம் வகுப்பு வரையேனும், இயன்றால் எட்டாம் வகுப்பு வரையிலும், வீட்டுமொழியிலேயே கற்பிப்பது நன்று என்று 2020-ஆம் ஆண்டின் கொள்கை கூறுகிறது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் நம் குழந்தைகள் தமிழ் பயிலலாம். அத்தகைய வாய்ப்பு எட்டாத ஊர்களில் வாழ்வோருக்கு வீடே தமிழ்வழிப் பள்ளி.

அதற்குப் பெற்றோர் கணிதப் புலமை பெற்றிருக்க வேண்டியதில்லை. மூன்று பழக்கங்கள் போதும். குழந்தை செய்த கணக்கைச் சரி, தவறு என்று சொல்லும் முன், "எப்படிச் செய்தாய்? தமிழில் சொல்" என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கியதும் பாதிப் பிழைகள் தாமே விலகிவிடும். தவறான விடைகளை அழித்துவிடாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஒரே காரணம் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒளிந்திருக்கக் கூடும். உங்களுக்கு விடை தெரியாதபோது, "தெரியவில்லை, இருவரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்று சொல்லுங்கள். நான் முதலில் சொன்னதுபோல், "எனக்கும் வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்த விடைத்தாளை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். தன் பிழையின் காரணத்தை அறிந்த மறுநாள், மகள் அதை ஆசிரியையிடம் எடுத்துச் சென்று தமிழ் எண்முறையை விளக்கியிருக்கிறாள். அம்மையார் சினம் கொள்ளவில்லை. கரும்பலகையில் இரு மொழிகளின் எண்ணுப் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எதில் ஒழுங்கு எளிதில் தெரிகிறது என்று வகுப்பையே கேட்டாராம். அன்றைய கணக்குப் பாடத்துக்கு என் மகளே ஆசிரியை.